தலைக்கணக்கும் உயிர்க்கணக்கும்

வீதியில் ஓடும் வண்டியால் ஓர் உயிர் போயின் அதற்குப் பொறுப்பாவார் யார் என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட கன்றின் வரலாற்றைச் சிலப்பதிகாரத்திலே கண்ணகி பாண்டியன் அவையில் எடுத்துரைக்கிறாள். சேக்கிழார் அதனைத் திருவாரூரில் நிகழ்ந்ததாக விரித்துப் பாடுகிறார். இலங்கையின் மகாவம்சமோ எல்லாளன்மேல் வைத்து அதே நிகழ்ச்சியைக் கூறுகிறது. மூன்று நூல்களிலும் பொதுவாக நிற்பது அரசன் கட்டுவித்த மணி. தேரை ஓட்டியவன் இளவரசனே; ஆயினும் முறையிட வேண்டிய இடம் அரண்மனை வாயில் என்பதைத் தாய்ப்பசு அறிந்திருந்தது. சேக்கிழார் காட்டும் சோழன் மகனை மட்டும் குற்றவாளியாக்கி அமைந்துவிடவில்லை. தன் காவலில் நேர்ந்த குறை என்றே எண்ணி வருந்தினான்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பஸ் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வினா மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். விபத்து நேருந்தோறும் "ஓட்டுநரின் பொறுப்பின்மை" என்ற தீர்ப்பு முதலில் வருகிறது. அது பல வேளைகளில் உண்மையே. ஆனால் அரை நூற்றாண்டாகப் பல ஊர்களில், பல இனத்தவரிடையே, ஒரே வகையான ஓட்டம் காணப்படுமாயின் அதனை ஒருவரின் தனிக்குணம் என்று மட்டும் கூறி முடித்தல் பொருந்தாது. ஓட்டுநர்க்குக் கூலி எதற்காகத் தரப்படுகிறது என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும்.

தோட்டம் நகரமான கதை

கோலாலம்பூரின் நெருக்கடியைத் தணிக்கும் பொருட்டு 1952-இல் எபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில் புதியதொரு குடியிருப்புத் தொடங்கப்பெற்றது. அதுவே பெட்டாலிங் ஜெயா. பால்மரம் நின்ற இடத்தில் வீடுகளும், பின்னர்த் தொழிற்சாலைகளும் எழுந்தன. இவ்வூர் 2006-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் மாநகர் என்னும் தகுதி பெற்றது.

ஊர் விரிந்த அளவிற்குப் பஸ் விரியவில்லை. ஸ்ரீ ஜெயா, லென் செங், தூங் பூங், போ ஹுப் முதலான நிறுவனங்கள் வெவ்வேறு தடங்களில் ஓடின. எனினும் 1970-களில் தோட்டங்களை விட்டும் கிராமங்களை விட்டும் வேலை நாடி வந்தோர் தொகை பெருகியது. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ஆம் நாள் கூட்டரசுப் பிரதேசமானது. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் பழைய பெட்டாலிங்கிலும் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்குப் பஸ்ஸே கால். அந்தக் காலை நீட்டித் தந்தது மினி பஸ்.

இளஞ்சிவப்பு நிறத்தில் வெள்ளைக்கோடு தீட்டிய மினி பஸ் 1975 செப்டம்பர் 23-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. பெரிய பஸ் நுழையாத சந்துகளிலும் அது நுழைந்தது. எவ்வளவு தொலைவு போயினும் ஒரே கட்டணம். முதலில் 40 காசு, கடைசிக் காலத்தில் 60 காசு. கைகாட்டிய இடத்தில் நின்றது. சொன்ன இடத்தில் இறக்கிவிட்டது. ஏழை எளியவர் அதனை விரும்பியதில் வியப்பில்லை. அதே பஸ்தான் கதவுப்படியில் ஆள் தொங்க ஓடுவதற்கும், ஒன்றையொன்று முந்துவதற்கும், திடீரென நிறுத்துவதற்கும் பெயர் பெற்றது. ஒரே வண்டி இருவகைப் புகழையும் எவ்வாறு ஈட்டியது?

விரைவின் கணக்கு

விடை கட்டண முறையிலும் கூலி முறையிலும் அடங்கியிருக்கிறது. மினி பஸ்களில் பல, சிறு உரிமையாளர்க்குச் சொந்தமானவை. ஓட்டுநரின் வருவாய் அன்றன்று சேரும் வசூலைப் பொறுத்தது. தொலைவுக்கேற்பக் கட்டணம் உயராதபோது, நெடுந்தொலைவு செல்லும் ஒருவரைவிடச் சிறுதொலைவு செல்லும் இருவரே இலாபம். ஆகவே ஏற்றலும் இறக்கலும் எவ்வளவு விரைந்து நிகழ்கின்றனவோ அவ்வளவிற்கு வருவாய் பெருகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஒரு நிறுத்தத்தில் நிமிடத்திற்கு ஒருவராகப் பயணிகள் வந்து சேர்வதாகக் கொள்வோம். முன்சென்ற பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் கழித்து வரும் பஸ்ஸுக்குப் பத்துப் பேர் கிடைப்பர். அதற்கு ஒரு நிமிடம் பின்னால் வருவதற்கோ ஒருவரே எஞ்சுவார். பின்வரும் ஓட்டுநர் முன்னதைத் தாண்டிச் சென்றால் அடுத்த நிறுத்தத்தின் பத்துப் பேரும் அவருக்கே. அதாவது முந்துதல் என்பது பத்துப் பயணச்சீட்டின் பெறுமானம் உடையதாகிவிடுகிறது. முன்னால் போட்டி இல்லையெனில், அதே ஓட்டுநர் புறப்படும் இடத்தில் பஸ் நிறையும் வரை இயந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருப்பார். பின்னால் மற்றொரு பஸ் தென்பட்டவுடன் பாய்ந்து செல்வார். பயணியின் கண்ணுக்கு முதலில் சோம்பலாகவும் பின்னர் வெறியாகவும் தோன்றிய இரண்டும் உண்மையில் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். இதனைத் தலைக்கணக்கு எனலாம்.

இதனால் ஓட்டுநர் குற்றமற்றவர் ஆகிவிடுவாரோ எனில், ஆகார். தலைக்கணக்கின் கீழும் பொறுமையோடு ஓட்டியோர் இருந்தனர். ஆனால் பொறுமைக்கு அன்றாட வருவாயிலிருந்து தண்டம் செலுத்துமாறு அமைந்த ஏற்பாடு, நல்லவரைத் தோற்கடித்து விரைபவரை வெல்விக்கும் என்பது தெளிவு.

பிற நாடுகளின் பட்டறிவு

இஃது இந்நாட்டிற்கு மட்டும் உரிய நோயன்று. 1920-களிலேயே சிங்கப்பூரில் ஏழு பேர் அமரும் சிறு பஸ்கள் ஆள் பிடிக்கப் பறந்து திரிந்து "கொசு பஸ்" என்னும் பட்டப்பெயர் பெற்றன. அவை 1930-களின் இடைப்பகுதியில் ஒழுங்குபட்ட நிறுவனங்களாக ஒன்றிணைக்கப்பெற்றன. இலண்டன் மாநகரில் 1922 முதல் தனியார் பஸ்கள் பெருகி, இலாபம் மிக்க தடங்களில் பழைய நிறுவனத்தின் பஸ்களை முந்தியோடியபோது அவற்றை மக்கள் "கடற்கொள்ளை பஸ்கள்" என்றே அழைத்தனர். அதற்கு முடிவு கட்ட 1924-இல் போக்குவரத்துச் சட்டம் ஒன்று வேண்டியிருந்தது.

இலங்கையில் ஒரே தடத்தில் பல உரிமையாளர் மோதிக்கொண்ட நிலையை மாற்ற 1942-இல் பஸ் சேவை உரிமச் சட்டம் பிறந்தது. 1958 ஜனவரி 1-ஆம் நாள் பஸ்கள் நாட்டுடைமையாயின. 1970-களின் இறுதியில் தனியாருக்கு மீண்டும் வழி திறந்தபின், பழைய ஓட்டப்பந்தயமும் உடன் திரும்பிற்று.

இக்கருத்தை எண்ணால் அளந்து காட்டிய ஊர் தென்னமெரிக்காவின் சாந்தியாகோ. அங்கு ஒரு காலத்தில் பெரும்பாலான ஓட்டுநர்க்குப் பயணிகளின் தலைக்கு இவ்வளவு என்றும், வேறு சிலருக்கு நிலையான சம்பளம் என்றும் இருவகைக் கூலி நிலவின. அம்மக்கள் முன்னதைச் "சீட்டுப் போர்" என்றே கூறினர். 2005-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இரண்டையும் ஒப்பிட்டது. நிலையான சம்பளத் தடத்தில் பயணி ஏறக்குறைய 10 விழுக்காடு மிகுதியாகக் காத்திருக்க நேர்ந்தது. தலைக்கணக்குத் தடத்திலோ ஓடிய தொலைவிற்கு ஏறக்குறைய 67 விழுக்காடு மிகுதியான விபத்துகள் நேர்ந்தன. சிறிது நேரம் காத்திருத்தலா, உயிரைப் பணயம் வைத்தலா என்பதே ஒரு சமுதாயம் செய்ய வேண்டிய தேர்வு என்பதை இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன.

மினி பஸ்ஸுக்குப் பின்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மினி பஸ்கள் 1998 ஜூலை 1-ஆம் நாளோடு விடைபெற்றன. அவற்றின் இடத்தை இன்ட்ராகோத்தா முதலிய பெரு நிறுவனங்கள் ஏற்றன. 2004-இல் அவையும் ரேபிட் கே.எல். அமைப்பின்கீழ் வந்தன. ஓட்டுநர் "பஸ் கேப்டன்" எனப்பட்டார். பெயர் உயர்ந்தது நன்றே. சிலாங்கூர் மாநில அரசு 2015-இல் கட்டணமில்லாப் பஸ் சேவையைத் தொடங்கியபோது, கட்டணமே இல்லாத வண்டியில் தலைக்கணக்குக்கு இடமில்லாது போயிற்று.

எனினும் துன்பம் நகரச் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்கும் மலைச்சாலைக்கும் இடம்பெயர்ந்தது. 2007 ஆகஸ்ட் 13-ஆம் நாள் பேராக்கின் புக்கிட் கந்தாங்கில் விரைவு பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓட்டுநர்மேல் தீராத சம்மன்கள் பல இருந்தமை பின்னரே வெளிப்பட்டது. 2013 ஆகஸ்ட் 21-ஆம் நாள் கெந்திங் மலைச்சாலையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் உயிரிழந்தனர். அதில் 53 பேர் ஏறியிருந்தனர். அது அனுமதிக்கப்பட்ட அளவினும் மிகுதி. 2025 ஜூன் 9-ஆம் நாள் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் வாடகை பஸ் கவிழ்ந்து, தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்து மாணவர் 15 பேர் மாண்டனர். ஆசிரியப் பயிற்சிக்கென 1922-இல் எழுந்த கல்லூரியின் வழிவந்தது அப்பல்கலைக்கழகம். வகுப்பறைக்கு வர வேண்டிய பதினைந்து பேரைச் சாலை விழுங்கியது.

இவ்விபத்தின் விசாரணையில், உரிமம் ஒருவர் பெயரிலும் பஸ் நடத்தியது மற்றொருவருமாக இருந்த செய்தி வெளிவந்தது. உரிமத்தைக் குத்தகைக்கு விடும் இவ்வழக்கத்தில் பணம் கைமாறுகிறது; பொறுப்போ எங்கும் தங்குவதில்லை. இதன்பின் விரைவு பஸ்களிலும் சுற்றுலா பஸ்களிலும் இருக்கைப்பட்டை அணிதல் 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று. கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தும் ஏற்பாடும் அக்டோபர் 1 முதல் படிப்படியாகத் தொடங்கியது.

சோர்வும் ஒரு காரணமே. அனைத்துலகத் தொழில் அமைப்பு 1979-இல் வகுத்த 153-ஆம் உடன்பாடு, இடைவேளையின்றி 4 மணி நேரத்திற்கு மேல் ஓட்டலாகாது என்றும், நாளொன்றுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என்பதே எல்லை என்றும், நாள்தோறும் தொடர்ந்து 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தியாவிலோ 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அதற்கு முன்பே 8 மணி நேர வேலை நாளை விதித்திருந்தது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் உறக்கத்தை விற்று மற்றொரு நடை ஓட்டுவார். அதுவும் தலைக்கணக்கின் வேறொரு வடிவமே.

மணி எங்கே?

சட்டம் செய்தல் எளிது; சாலையைத் திருத்துதலும் கூலியைத் திருத்துதலும் அரிது. ஆயினும் அரியவை நிகழ்ந்ததற்கும் சான்றுண்டு. பெட்டாலிங் ஜெயாவின் ஊடே செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார்சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைக்கப்பெற்றது. உலகில் அவ்வகையில் முதலாவதாக அதனைச் சுட்டுவர். ஓட்டுபவரை "கவனமாகச் செல்க" என்று வேண்டுவதோடு நில்லாமல், தவறினும் உயிர் பிழைக்குமாறு வழியமைத்த அறிவு அது. பஸ் ஓட்டுநர் கூலிக்கும் வேலை நேரத்திற்கும் அத்தகைய அறிவே வேண்டற்பாலது.

தேர் ஓட்டுபவனுக்குத் தமிழில் வலவன் என்று ஒரு பெயர். வல்லவன் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அகநானூற்றுத் தலைவன் ஒருவன், பூவில் மொய்த்த வண்டினம் அஞ்சாதபடி தேர்மணியின் நாவைக் கட்டி ஓட்டி வந்ததாகப் பாட்டு ஒன்று கூறும். அவனுக்கும் வீடு திரும்பும் விரைவு இருந்தது. ஆனால் வழியில் ஆள் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வண்டுக்கு இரங்கும் நெஞ்சை ஓட்டுநரிடம் எதிர்பார்க்கும் சமுதாயம், அந்நெஞ்சு வாழத்தக்க கூலியையும் ஓய்வையும் அவர்க்குத் தருதல் முறை. தேர்மணியின் நா கட்டுண்டிருக்கலாம்; அரண்மனை வாயில் மணியின் நா கட்டுண்டிருத்தல் ஆகாது. பயணியின் முறையீடு, சம்மன் நிலுவை, பழுதான பிரேக், குத்தகைக்குப் போன உரிமம் ஆகிய ஒவ்வொன்றும் விபத்துக்கு முன்பே ஒலிக்க வேண்டிய மணியோசை. கன்று மாண்ட பின்னர் ஒலித்த மணியால் நீதி கிடைத்தது. கன்று மீண்டதோ இறைவன் அருளால் என்கிறது புராணம். சாலை விபத்தில் அவ்வருளை நம்பியிருத்தல் அரசுக்கு அழகன்று.