சாந்திபுரம்: ஆந்திராவின் மூலையில் தமிழ் கேட்பது ஏன்?

குப்பம் ஸ்டேஷனில் இறங்கினால் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் காதில் விழும். பக்கத்து மண்டலம்தான் சாந்திபுரம். தமிழ்நாடு, கர்நாடகா இரண்டுமே கிட்டத்தில்தான்.

எப்படி ஆந்திராவுக்குப் போனது?
வட ஆற்காடு, கடப்பா பகுதிகளைச் சேர்த்து 1911 ஏப்ரல் 1-ல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது மாவட்டமே அங்கே போனது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி திரும்பி வந்தது. குப்பம் பகுதி வரவில்லை. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமானது. சாந்திபுரம் சித்தூரிலேயே நீடிக்கிறது.

யார் தொகுதி?
குப்பம் சட்டமன்றத் தொகுதி. 1989 முதல் சந்திரபாபு நாயுடு ஜெயித்துவருகிறார்.

போகிறீர்களா?
- ரயில்: ஜோலார்பேட்டை–பெங்களூரு பாதையில் குப்பத்தில் இறங்குங்கள்.
- பார்க்க: கங்குந்தி மலைக்கோட்டை, குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம் (1997).
- கவனம்: கௌண்டின்யா சரணாலய யானைகள் நடமாடும் பகுதி, காட்டுப் பாதையில் இரவுப் பயணம் வேண்டாம்.

என்ன சிக்கல்?
ஆந்திராவின் ஆட்சிமொழி தெலுங்கு. வீட்டில் தமிழ் பேசுகிறவரும் அரசு அலுவலகத்தில் தெலுங்கை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. கோடு மாறி அறுபது ஆண்டுக்கு மேலாகியும், இங்கே அன்றாடக் கேள்வி இதுதான்.