கணக்கு எங்கே நடக்கணும்? ரயில் முன்பதிவு சொல்லும் கதை

கோட் எழுதுற நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: வேலையை டேட்டாபேஸ் குவெரியிலேயே முடிக்கணுமா, இல்ல தரவை எடுத்துட்டு வந்து நம்ம புரோகிராம்ல செய்யணுமா? நம்ம ரயில்வே ரெண்டையும் செஞ்சிருக்கு. அதனால அந்தக் கதையைச் சொல்றேன்.

1985-ல் டெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத்திலும் மையங்கள் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனித் தீவு. ரயில்வேயின் கணினி அமைப்பான கிரிஸ் எழுதிய 'கான்சர்ட்' மென்பொருள்தான் 1999 ஏப்ரலில் ஐந்தையும் இணைத்தது.

எப்படி இணைச்சாங்க என்பதுதான் முக்கியம். எல்லாத் தரவையும் எல்லா இடத்துக்கும் நகல் எடுக்கல. ஒவ்வொரு ரயிலின் கணக்கும் ஏதாவது ஒரு மையத்தில்தான் இருக்கும். புதுச்சேரி கவுண்டர்ல நின்னு ஹவுராவில் கிளம்பும் ரயிலுக்கு டிக்கெட் கேட்டா, கேள்வி சென்னை வழியாக கொல்கத்தாவுக்குப் போகும். பெர்த் அங்கேயே ஒதுக்கப்பட்டு, பதில் மட்டும் திரும்பி வரும்.

பழைய வகை ஸ்லீப்பர் பெட்டிக்கு 72 பெர்த், பத்துப் பெட்டின்னா 720. அத்தனை வரிகளையும் இங்கே இழுத்து வந்து எண்ணினா நேரம் போகும். அதைவிட ஆபத்து, அதே நொடியில் இன்னொரு கவுண்டரும் எண்ணி, ஒரே பெர்த்தை ரெண்டு பேருக்குக் கொடுத்துடும்.

2002-ல் இணைய முன்பதிவு வந்ததும் சிக்கல் வேற மாதிரி ஆச்சு. ஒரு டிக்கெட் எடுக்கிறதுக்குள்ள ஒரு ஆள் பத்து தடவை "இடம் இருக்கா"ன்னு பார்ப்பார். தட்கல் நேரத்துல அத்தனை கேள்வியும் டேட்டாபேஸை நெரிச்சது. 2014-ல் வந்த புதிய அமைப்பு, 'ஜெம்ஃபயர்' என்ற மென்பொருள் மூலம் அடிக்கடி கேட்கப்படும் தரவை டேட்டாபேஸுக்கு வெளியே, நினைவகத்தில் வைத்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 என்று உயர்த்தப்பட்டது. பெர்த் ஒதுக்குவது மட்டும் பழைய மையங்களிலேயே நீடித்தது.

ஆக, தரவை மாத்துற வேலை அது இருக்கிற இடத்திலேயே நடக்கட்டும். வெறுமனே பார்க்கிற வேலையை வெளியே கொண்டு வரலாம். அதற்கும் ஒரு விலை உண்டு: திரையில் இடம் இருக்குன்னு பார்த்து, பணம் கட்டினதும் வெயிட்டிங் லிஸ்ட் வரலாம். நீங்க பார்த்தது கொஞ்சம் பழைய பதில். எந்த இடத்தில் பழைய பதில் பரவாயில்லைன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, குவெரியா கோடா என்பது அதுக்கப்புறம்.