மீளளிப்பு

‘மீள்’ என்னும் வினையடியும், கொடுத்தலையும் கருணையையும் ஒருங்கே குறிக்கும் ‘அளி’யினின்று வந்த ‘அளிப்பு’ம் சேர்ந்து ஆகியது இச்சொல்.

இலங்கையின் உருத்திரபுரத்திலே இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், தமது அரசாங்க இளைப்பாற்றுச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லையாயினும், நிலையான வைப்பின் வட்டியில் 2025 ஏப்ரல் முதல் நூற்றுக்குப் பத்து வீதம் வங்கியாற் கழிக்கப்படுவதைக் காண்பார். வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவை மேவாதவராயின், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தோடு சுயபிரகடனமொன்றை வங்கிக்கு முன்னதாகவே சமர்ப்பித்து அக்கழிவைத் தவிர்க்கலாம். தவறியவர், வருமான விவரத்திரட்டு அனுப்பி, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் கோரிப் பெறுவதே மீளளிப்பு. தம் பணமே தம்மிடம் திரும்புவதற்கு ‘அளி’ என்னும் கருணைச்சொல் சற்று மிகை என்பது என் அபிப்பிராயம். ‘திருப்பிக் குடுக்கிற காசு’ என்னும் ஊர்வழக்கு நியாயத்துக்கு அண்மையது.

கனடாவிலோ, வருமான வரியாக ஒரு சதமும் செலுத்தாத முதியோரும் விவரத்திரட்டு அனுப்பின் ஒரு தொகை பெறுவர். அங்கே ‘மீள்’ பொருந்துமோவெனின், கடைதோறும் அவர் கொடுத்த விற்பனை வரியை முன்னிட்டே அது வழங்கப்படுதலின், பொருந்தும்.