பயிலுநரா, தொழிலாளரா? ஜப்பானின் பயிற்சி நுழைவிசைவு வரலாறு (1982–2024)

முன்னுரை

அயல்நாட்டில் தொழில் கற்கச் செல்வோர்க்கு வழங்கப்படும் பயிற்சி நுழைவிசைவு (விசா), கல்விக்கும் வேலைக்கும் இடைப்பட்டது. கற்க வந்தவர் வேலையும் செய்கிறார். எனினும், அவரைத் தொழிலாளர் எனச் சட்டம் ஏற்காத வரையில் அவர் பெறுவது ஊதியமன்று, உதவித்தொகையே. ஜப்பானில் இந்நுழைவிசைவு அடைந்த மாற்றங்கள் ‘பயிலுநர்’ என்னும் சொல்லின் பொருள்பற்றிய வழக்காகவே அமைந்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

தோற்றம்

வெளிநாடுகளில் கிளை தொடங்கிய ஜப்பானிய நிறுவனங்கள், அங்குள்ள தம் ஊழியரைத் தாய்நாட்டிற்கு அழைத்துப் பயிற்றுவித்தன. இவ்வழக்கமே திட்டத்தின் வித்து. 1982இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தம் இத்தகையோரை மாணவர் வகையின் உட்பிரிவாக வைத்தது. 1990 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தம் ‘கென்ஷூ’ (பயிற்சி) என்பதைத் தனி வசிப்புத் தகுதியாக்கியது. அக்காலத்தில் ஜப்பானியத் தொழிற்கூடங்களில் ஆள் பற்றாக்குறை மிகுந்திருந்தது. ஆனால், தனித்திறன் வேண்டாத வேலைகளுக்கு அயலாரை ஏற்பதில்லை என்பதே அரசின் கொள்கை. 1990 ஆகஸ்டில், வெளிநாட்டுக் கிளையில்லாத சிறு நிறுவனங்களும் தம் சங்கங்களின் வழியாகப் பயிலுநரை அழைக்கலாம் என விதி தளர்த்தப்பட்டது. முன்வாயில் மூடியிருக்கப் பயிற்சி என்னும் பக்கவாயில் திறந்தது எனலாம்.

உதவித்தொகையும் ஊதியமும்

1993இல் ‘கினோ ஜிஷ்ஷூ’ (தொழில்திறன் செய்முறைப் பயிற்சி) தொடங்கப்பட்டது. முதலாண்டு பயிற்சி, பின்னர்த் தேர்வில் வென்றோர்க்கு ஒப்பந்த வேலை. 1997இல் மொத்தக் காலம் மூன்றாண்டாயிற்று. முதலாண்டில் இருந்தவர்க்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. மிகைநேர வேலையும் விதிப்படி கூடாது. நடைமுறையோ வேறாக இருந்தது. தையல் தொழிற்சாலையில் பணிபுரிந்த சீனப் பயிலுநர் நால்வர் தொடுத்த வழக்கில், பயிற்சிக் காலத்திலும் அவர்கள் தொழிலாளரே எனக் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் 2010 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், தொடக்க வகுப்புகள் முடிந்ததும் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும் என வரையறுத்தது.

விண்ணப்பத்தின் வழி

நுழைவிசைவு பெறும் முறையிலேயே அதிகாரத்தின் போக்கைக் காணலாம். 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிச்சட்டத்தின்படி, முதலில் ஏற்கும் நிறுவனத்தின் பயிற்சித் திட்டம் ஒப்புதல் பெறவேண்டும். அடுத்து, குடிவரவுத் துறை தகுதிச் சான்றிதழ் வழங்கும். அதன் பின்னரே பயிலுநர் தம் நாட்டிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தை அணுகுவார். அவர் பெயரால் தூதரகத்தில் அளிக்கப்படும் விண்ணப்பம் கடைசிப் படியாகிறது. அதற்கு முன்பே அனுப்பும் முகவர்க்குக் கட்டணம் செலுத்தக் கடன்பட்டோர் பலர். பயிற்சித் திட்டம் ஒரு நிறுவனத்திற்கு உரியதாதலின், நிறுவனம் மாறும் உரிமை பொதுவாக அவர்க்கில்லை. கடனும் இக்கட்டும் சேர்ந்தபோது சிலர் பணியிடத்தை விட்டு மறைந்தனர். 2023இல் மட்டும் அவ்வாறு மறைந்தோர் 9,700க்கும் மேற்பட்டோர்.

அதே தனிச்சட்டம், இப்பயிற்சி ஆள் பற்றாக்குறையை ஈடுசெய்யும் வழியாகக் கூடாது என்று மூன்றாம் பிரிவில் கூறியது. ஆயினும், 2023 இறுதியில் இத்தகுதியில் வசித்தோர் 4 இலட்சத்தைக் கடந்தனர். சட்டத்தின் சொல்லுக்கும் தொழிற்கூடத்தின் தேவைக்கும் இடையிலிருந்த தொலைவை இவ்வெண்ணிக்கை உணர்த்துகிறது.

முடிவுரை

2024 ஜூனில் ஜப்பானிய நாடாளுமன்றம் இத்திட்டத்தை நீக்கி, ‘இக்குசெய் ஷூரோ’ (திறன்வளர் வேலைவாய்ப்பு) என்னும் புதிய முறைக்கு ஒப்புதலளித்தது. மனிதவளத்தை வளர்ப்பதோடு அதனைப் பெறுவதும் நோக்கம் எனச் சட்டம் வெளிப்படையாக ஏற்றது. ஓரிரு ஆண்டுகளுக்குப் பின், திறன், மொழித் தேர்வுகளில் வென்றோர் அதே தொழில் வகையில் நிறுவனம் மாறவும் இடமளித்தது. 2017 அக்டோபரில் இந்தியாவும் இப்பயிற்சித் திட்டத்திற்கான ஒத்துழைப்புக் குறிப்பாணையில் கையெழுத்திட்டதால், இவ்வரலாறு நம் இளைஞர்க்கும் உரியது. பயிற்சி நுழைவிசைவை மதிப்பிடுவோர் கற்பிக்கப்படும் தொழிலை மட்டுமன்றி, கற்பவரைச் சட்டம் எப்பெயரால் அழைக்கிறது, விலகிச் செல்ல அவர்க்கு வழியுண்டா என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.