நர்சிங் படிப்பு: சேருமுன் கவனிக்க வேண்டியவை

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் நம் வீடுகளில் எழும் கேள்விகளில் ஒன்று, "பிள்ளையை நர்சிங் சேர்க்கலாமா?" என்பது. காயமுற்ற ஸஹாபாக்களுக்குச் சிகிச்சை அளித்த ருஃபைதா (ரலி) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததுதான். ஆகவே, சேர்க்கலாமா என்பதை விட எங்கே சேர்ப்பது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜி.என்.எம். என்பது 3 ஆண்டு டிப்ளமோ. அறிவியல் பிரிவு படிக்காதவர்களும் இதில் சேர இடமுண்டு. ஆண் பிள்ளைகளும் நர்சிங் படிக்கலாம். நம்மில் பலர் இதை நினைத்தே பார்ப்பதில்லை.

ஏமாறுவது பெரும்பாலும் மூன்றாவது வகையில்தான். "ஒரு வருடத்தில் நர்ஸ் ஆகலாம்" என்று பஸ் ஸ்டாண்டு அருகே போர்டு வைத்திருக்கும் மையங்களின் சான்றிதழைக் கொண்டு தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையேல் அரசு வேலையும் இல்லை, வளைகுடாவும் இல்லை. பணத்தோடு வருடமும் போய்விடும். எனவே, கல்லூரியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் பட்டியல்களில் இருக்கிறதா, பட்டப்படிப்பு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு உள்ளதா என்று அவற்றின் இணையதளங்களில் நீங்களே பாருங்கள். கல்லூரிக்காரர் காட்டும் ஜெராக்ஸ் போதாது.

அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் கவுன்சிலிங் மூலம் நிரப்பப்படுகின்றன. துணை மருத்துவப் படிப்புகளுக்கான அறிவிப்பு வந்ததும் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இங்கு பலர் கோட்டை விடுவது சாதிச் சான்றிதழில்! 2007 முதல் நடைமுறையில் உள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு கிடைக்க, சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று இருக்க வேண்டும். லெப்பை, தக்கனி முஸ்லிம், மாப்பிள்ளை என அரசுப் பட்டியலில் உள்ள பிரிவினருக்கே அது கிடைக்கும். பழைய சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். திருத்தம் தேவையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து விடுங்கள். கவுன்சிலிங் நேரத்தில் தாலுகா அலுவலகம் அலைவது வீண்.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பவர்கள் கட்டிடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பயிற்சி தரும் மருத்துவமனைக்கு ஒரு நாள் நேரில் சென்று, வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். படுக்கைகள் காலியாகக் கிடந்தால் பிள்ளை எதைக் கற்கும்? இரவுப் பணிக்கு மாணவிகளை யார் அழைத்துச் செல்கிறார்கள், ஹிஜாபுக்கு அனுமதி உண்டா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு சண்டை போடுவதில் பயனில்லை.

விடுதி, சீருடை, பேருந்து உட்பட நான்கு ஆண்டுக்கான முழுக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால் அதற்கும் ரசீது கேளுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து நகல்கள் வீட்டில் இருக்கட்டும்.