மானியம் யார் பேரில் வருகிறது?



2019-ஆம் வருஷம் மாசி மாதம். பி.எம். கிசான் திட்டத்தில் பெயர் சேர்க்க டெல்டா கிராமம் ஒன்றில் முகாம் போட்டிருந்தோம். ஒரு பெரியவர் வந்தார். இருபது வருஷமாக மூன்று ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்குச் செய்கிறவர். "சிட்டா கொண்டாந்திருக்கீங்களாய்யா?" என்று கேட்டேன். "சிட்டா நெலக்காரர் பேர்ல இருக்குங்க. அவரு பட்டணத்துல இருக்காரு. உழுறதும் நடுறதும் அறுக்குறதும் நான்தானுங்களே!" என்றார். அவரைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. ஏன் இப்படி ஆயிற்று? அதற்குக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

நான்காவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் சிறு விவசாயிகளுக்கென்று தனி ஏற்பாடு வந்தது. கிணறு வெட்ட, கறவை மாடு வாங்கக் கடனோடு சேர்த்து மானியம். சிறு விவசாயிக்கு 25 சதம், குறு விவசாயிக்கு மூன்றில் ஒரு பங்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிணற்றுக் கடன் என்றால் நிலப் பத்திரம் வேண்டும். குத்தகைக்காரர் அதற்கு எங்கே போவார்?

1977 நவம்பரில் உரத்துக்கு வேறு வழி வந்தது. மானியத்தை அரசு தொழிற்சாலைக்குக் கொடுத்தது. விவசாயிக்கு மூட்டை குறைந்த விலையில் கிடைத்தது. யூரியா வாங்கப் போனவரிடம் கடைக்காரர் பட்டா கேட்கவில்லை. நிலக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் ஒரே விலை.

2019-இல் பணம் நேராக வங்கிக் கணக்குக்கே வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. இடையில் தரகர் இல்லை; அது பெரிய நன்மை. ஆனால் 2019 பிப்ரவரி 1-ஆம் தேதியன்று நிலம் யார் பேரில் இருந்ததோ, அவருக்குத்தான் பணம் என்று விதி வைத்தார்கள். மூட்டையோடு வந்த மானியம் உழுதவரைத் தேடி வந்தது. காகிதத்தோடு வந்த மானியம் பட்டாவைத் தேடிப் போயிற்று.

இதற்குச் சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. குத்தகைதாரரை வெளியேற்றாமல் காக்க 1955-இல் ஒரு சட்டம் வந்தது. அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969-இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆனாலும் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது என்று சொல்லும்படி இருக்கிறது பல ஊர்களில். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடுமோ என்று நிலக்காரருக்குப் பயம். எழுதிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதோ என்று குத்தகைக்காரருக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் மானியம் நின்றுவிடுகிறது.

சரி, செய்யக்கூடியது என்ன? 2016-இல் வந்த பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். சாகுபடி செய்வதற்குச் சான்றாக அடங்கல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதம்தான். கடைசித் தேதி வரை காத்திருக்காதீர்கள். நிலக்காரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளத்தில் பயிர் போனால் உங்கள் குத்தகை நெல்லும் சேர்ந்துதான் போகிறது. அடங்கலில் அவர் பெயர் ஏறத் தடை சொல்லாதீர்கள்.

அந்தப் பெரியவர் அடுத்த சம்பாவுக்கு அடங்கலோடு வந்து காப்பீடு செய்துகொண்டார். அந்த ஆறாயிரம் மட்டும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.