தேக்கு இலைதின்னி அந்துப்பூச்சி

தேக்கின் தளிரைத் தின்று பெருகும் சிறிய அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் ஹைப்ளியா பியூரா. ஆம்ஸ்டர்டாம் வணிகரும் பூச்சி சேகரிப்பாளருமான பீட்டர் கிராமரின் நூலில் 1777-இல் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் இடப்பட்டது. நெடுங்காலம் நாக்டுயிடே என்ற பெருங்குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. இப்போது ஹைப்ளியிடே என்ற தனிச் சிறுகுடும்பத்தில் இருக்கிறது. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, மத்திய அமெரிக்கா என வெப்பநாடுகளில் பரவலாகக் காணப்படும்.

விரித்த சிறகின் அகலம் 3 முதல் 4 செ.மீ. முன்சிறகு சருகின் நிறம். பின்சிறகு கருப்பு, அதில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பட்டைகள். உட்கார்ந்ததும் முன்சிறகு பின்சிறகை மூடிக்கொள்ளும். அப்போது காட்டுத் தரையில் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இதன் வாழ்வு முழுவதும் தளிரின் வயதோடு பிணைந்தது. கேரளத்திலும் அதையொட்டிய மலையடிவாரங்களிலும் தேக்கு இலையுதிர்ந்து நின்று, கோடை மழையை ஒட்டித் துளிர்க்கிறது. அந்த நாட்களில்தான் பூச்சிகள் கூட்டமாக வந்திறங்கி, இளந்தளிரில் தனித்தனியாக முட்டையிடும். ஒரு தாய்ப்பூச்சி சராசரியாக 500 முட்டை இடும். ஓரிரு நாளில் பொரிக்கும் புழு, சற்று வளர்ந்ததும் இலையோரத்தை வெட்டி மடித்து, பட்டிழையால் ஒட்டி, அந்த மடிப்புக்குள் இருந்தபடியே தின்னும். ஐந்து பருவங்களை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முடித்து, இழைவிட்டுத் தரைக்கு இறங்கிச் சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகும். மேலும் ஒரு வாரத்தில் பூச்சி வெளிவரும். முற்றிய இலை இளம்புழுவுக்கு ஒத்துவராது. அதனால்தான் இத்தனை வேகம். பெருக்கம் உச்சத்தில் இருக்கும்போது தோட்டத்துக்குள் நின்றால், எச்சம் உதிரும் ஓசை தூறல் விழுவதுபோல் கேட்கும். சில நாட்களில் தலைக்குமேல் நரம்பும் கிளையுமே மிஞ்சும். மழைக்காலம் தேய்ந்தபின் முற்றிய இலையைச் சல்லடையாக்குவது யூடெக்டோனா என்னும் வேறோர் அந்துப்பூச்சி; இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

இந்தப் பூச்சி மனிதரின் கணக்கில் ஏறியது தேக்குத் தோட்டங்களின் வரவால். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரின் கலெக்டர் கனோலி, 1840-களில் நிலம்பூரில் தேக்கை நடவைத்தார். விதை முளைக்காமல் முதல் முயற்சிகள் தோற்றபின் அதை வெற்றியாக்கியவர் சாத்து மேனன். ஒரே வயதுத் தேக்கு மைல்கணக்கில் ஒன்றாகத் துளிர்க்கும் காட்சி அங்கிருந்து தொடங்கியது. பின்னர் வந்த வனத்துறையினர் புழுவின் பெருக்கத்தைப் பதிவு செய்தனர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் பீசன், தேக்கினூடே பிற மரங்களையும் அடிக்காட்டையும் விட்டுவைத்து, புழுவின் இயற்கை எதிரிகளைக் காக்கும்படி அறிவுறுத்தினார். ஆனால் இயற்கையான தேக்குக் காடுகளிலும் இப்பெருக்கம் நிகழ்வதால், தோட்டமுறை ஒன்றையே குற்றவாளியாக்குவது சரியன்று.

இழப்பு எவ்வளவு என்பது மட்டும் வெகுகாலம் மறைந்தே இருந்தது. மொட்டையான தேக்கு சாவதில்லை. சில வாரங்களில் மறுபடி துளிர்த்துவிடும். மரம் பிழைத்துவிட்டதே என்று அதிகாரிகளும் கவலையின்றி இருந்தனர். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தில் கே. எஸ். எஸ். நாயரும் உடனிருந்தோரும் நிலம்பூரின் இளந்தோட்டத்தில் சில மரங்களைப் புழுவிலிருந்து காத்து, மற்றவற்றை அப்படியே விட்டு, ஐந்தாண்டுகள் அளந்தனர். 1985-இல் வெளியான முடிவு, காக்கப்படாத மரங்கள் தம் கன அளவு வளர்ச்சியில் 44 சதவீதத்தை இழந்ததைக் காட்டியது. மறுதுளிர்ப்புக்குச் செலவாகும் சேமிப்பு முழுவதும் தண்டில் ஏறியிருக்க வேண்டிய மரம். தேக்குத் தோட்டம் வைப்போர் முதலில் அறியவேண்டிய செய்தி இதுவே என்பேன்.

அதே ஆய்வுக்குழுவினர் பெருக்கத்தின் தொடக்கத்தையும் தேடினர். பருவத்தின் முதல் தாக்குதல் தோட்டமெங்கும் விரவி வருவதில்லை. அங்கங்கே சிறு திட்டுகளில் கிளம்பி, அவற்றிலிருந்து எழும் அடுத்த தலைமுறை பரந்த நிலப்பரப்பைப் பிடிக்கிறது. மற்ற மாதங்களில் பூச்சி உறக்கத்தில் இருப்பதில்லை. காட்டில் மிகச் சொற்ப எண்ணிக்கையில், தேக்கல்லாத பிற செடிகளிலும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அலையாத்திக் காடுகளின் கண்டல்வகைகளில் ஒன்றான வெண்கண்டலையும் இது மொட்டையடிப்பதுண்டு.

புழுக்களைக் கொல்லும் வைரஸ் ஒன்று கேரளத்தில் கண்டறியப்பட்டு 1988-இல் அறிவிக்கப்பட்டது. நோய்கண்ட புழு உடல் கூழாகிச் சாகும். வெடித்துச் சிதறும் அக்கூழே அடுத்த புழுவுக்கு நோயாகும். இந்த வைரஸ் இப்புழுவையே தாக்குவதால், வானிலிருந்து ரசாயனம் தெளித்த பழைய முறையைவிடக் காட்டுக்கு மிகவும் நல்லது. ஆனால் வெயிலில் விரைவில் வீரியம் இழக்கும்; புழு சிறிதாக இருக்கையில் தெளித்தாக வேண்டும். முதல் திட்டுகளை ஒரு வாரம் தாமதமாகக் கண்டால் தெளித்தும் பயனில்லை.

ஜாவாவில் நிலைமை வேறு. அங்கே தேக்குக்காட்டு ஊர்மக்கள் சருகைக் கிளறிக் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கி, வறுத்து உண்கின்றனர், சந்தையிலும் விற்கின்றனர்.